திருவிழாவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யார்?

 

திருவிழா முடிஞ்சதிலிருந்து எங்களை பாசார்ல பார்த்தாலும் சரி, கல்யாண வீட்ல பார்த்தாலும் சரி, எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறாங்க. “தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்துல பாய் விரிச்சு உட்கார்ந்திருந்த பிள்ளைங்க யாரு? கோயில்ல மசாஜ் கடையா போட்டுட்டீங்க?” சிலர் சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. சிலர் உண்மையிலேயே கோபமா கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதைவிட இங்கே எழுதிடலாம்னு தொண்டர்கள் பேசி முடிவெடுத்தோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

அவங்க எல்லாரும் பிசியோதெரபி படிக்கிற மாணவர்கள். அதுல ஒரு பொண்ணு நம்ம மெர்லிமாவ் பிள்ளைதான். சின்ன வயசுல நம்ம மண்டபத்துல உட்கார்ந்து தேவாரம் படிச்சவள். தாத்தா, பாட்டி ரெண்டு பேரும் தோட்டத்துல பால் வெட்டினவங்க. இப்ப வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துல மூணாவது வருஷம். அங்கே பிசியோதெரபி மாணவர்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு. அந்தப் பிள்ளைங்கதான் லீவு நாள்ல, சொந்த பஸ் செலவுல, நம்ம பக்தர்களுக்குத் தொண்டு செய்ய வந்தாங்க.

ஒரு விஷயத்தை முதல்லயே தெளிவா சொல்லிடறோம். அவங்க தனியா வரலை. பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கூடவே இருந்தார். படிக்கிற பிள்ளைங்க தாங்களா முடிவெடுத்து வைத்தியம் பார்க்கக்கூடாது, அவங்க அதைச் செய்யவும் இல்லை. முதல் வருஷப் பிள்ளைங்க பேர் எழுதினாங்க, நாற்காலி தூக்கினாங்க, தண்ணி கொடுத்தாங்க. மூத்தவங்கதான் பக்கத்துல பெரியவர் நிற்க, காலையும் முட்டியையும் பார்த்தாங்க.

பிசியோதெரபின்னா என்ன? தமிழ்ல இயன்முறை மருத்துவம்னு சொல்றாங்க. விழுந்து எலும்பு முறிஞ்சவங்க, பக்கவாதம் வந்தவங்க, முட்டி ஆபரேஷன் செஞ்சவங்க, தோள் இறுகிப்போனவங்க இவங்களை எல்லாம் பயிற்சி மூலமா மறுபடி எழுந்து நடமாட வைக்கிற படிப்பு. டிகிரின்னா 4 வருஷம். உடம்புல இருக்கிற ஒவ்வொரு எலும்பு, தசை, நரம்பையும் படிச்சு, ஆஸ்பத்திரியில பயிற்சியும் எடுத்துத்தான் வெளியே வர முடியும்.

இவ்வளவு படிக்கிற பிள்ளைக்கு சங்கம் எதுக்குன்னு அவளோட அப்பாவே எங்ககிட்ட கேட்டார். “நான் ஓ.டி. செஞ்சு பணம் அனுப்புறேன், இது கூட்டம் கூட்டமா ஊர் சுத்துது” என்று வருத்தப்பட்டார். ஒரு தகப்பன் இப்படிக் கேட்கிறதுல தப்பே இல்லை. ஆனா அந்தப் பொண்ணு முதல் வருஷத்துல என்ன பட்டாள்னு அவருக்கு அன்றைக்குத்தான் தெரிஞ்சது.

முதல் செமஸ்டர் லீவுல ஒரு விசேஷத்துக்குப் போயிருக்காள். சொந்தக்காரங்க ஒருத்தர் எல்லார் முன்னாடியும், “மசாஜ் பண்றதுக்கா இவ்வளவு செலவு செஞ்சு படிக்க வைக்கிறீங்க?” என்று கேட்டுட்டார். சுத்தி இருந்தவங்க சிரிச்சிட்டாங்க. திரும்பிப் போனவள் படிப்பை விட்டுடறதுன்னு முடிவு பண்ணி பாரம் கூட எடுத்து வெச்சுட்டாள். வீட்ல யாருக்கும் சொல்லலை. அவளைப் பிடிச்சு நிறுத்தினது சங்கத்துல இருந்த மூத்த மாணவிங்க ரெண்டு பேர். அவங்களும் இதே பேச்சைக் கேட்டு வந்தவங்கதான். உட்கார வெச்சு, இந்தத் தொழில் எப்படிப் பிறந்ததுன்னு சொல்லியிருக்காங்க. அதை அவள் எங்களுக்குச் சொன்னாள். உங்களுக்கும் சொல்றோம்.

1894-ல் இங்கிலாந்துல மசாஜ் என்ற பேர்ல தப்பான தொழில் நடக்குதுன்னு பத்திரிகையில எல்லாம் வந்து பெரிய அசிங்கமாப் போச்சு. நோயாளிங்களுக்கு நேர்மையா அந்த வேலையைச் செஞ்சுக்கிட்டிருந்த நர்சுங்களுக்கும் கெட்ட பேர். அப்ப லூசி ராபின்சன், ரோசாலிண்ட் பாஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்ற 4 நர்சுங்க வீட்ல உட்கார்ந்து அழலை. ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. பரீட்சை வெச்சாங்க. டாக்டர் சொல்லாம யாருக்கும் சிகிச்சை கொடுக்கக்கூடாதுன்னு கண்டிப்பான விதி போட்டாங்க. அந்தச் சங்கத்துக்கு 1920-ல் ராஜாங்கப் பட்டயமே கிடைச்சது. இன்றைக்கு அதுதான் இங்கிலாந்தின் பிசியோதெரபி சங்கம். பிறகு 1951-ல் 11 நாட்டு சங்கங்கள் சேர்ந்து உலக அமைப்பு ஒண்ணு உருவாச்சு. அது உருவான செப்டம்பர் 8-ஆம் தேதியைத்தான் 1996-லிருந்து உலக பிசியோதெரபி தினமா கொண்டாடுறாங்க.

ஆக, “மசாஜ்தானே” என்ற இதே ஏளனத்துக்குப் பதிலாத்தான் இந்தத் தொழிலே சங்கமா எழுந்து நின்னிருக்கு. அவமானத்தைத் தனியா சுமந்தா முதுகு ஒடியும், நாலு பேர் சேர்ந்து சுமந்தா காவடி மாதிரி தூக்கிடலாம். அந்தப் பொண்ணு பாரத்தைக் கிழிச்சுப் போட்டாள். இப்ப அவளே புதுசா வர்ற பிள்ளைங்களைத் தேடிப் போய்ப் பேசுறாள்.

சங்கத்துல வேற என்ன செய்றாங்க? ராத்திரி சேர்ந்து படிக்கிறாங்க. எலும்பு எங்கே ஆரம்பிக்குது, தசை எங்கே முடியுதுன்னு ஒருத்தர் உடம்பை ஒருத்தர் தொட்டுப் பார்த்துப் பழகுறாங்க. மூட்டு எத்தனை டிகிரி மடங்குதுன்னு அளந்து பார்க்கிறாங்க. கைத்தடி பிடிச்சு படி ஏற இறங்கக் கத்துக்கிறாங்க. நோயாளி அவதி தெரியணும்னா நாம முதல்ல அந்தத் தடியைப் பிடிச்சு நடக்கணும் இல்லையா? எல்லாத்துக்கும் மேல, பெரியவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு கத்துக்கிறாங்க. அது புத்தகத்துல கிடைக்காது.

திருவிழா அன்றைக்கு அதைக் கண்ணால பார்த்தோம். பால்குடம் எடுத்து வந்த ஒரு பாட்டி கால் வீங்கி உட்கார்ந்துட்டாங்க. நம்ம பொண்ணு போய்க் காலடியில உட்கார்ந்ததும் பாட்டி காலை இழுத்துக்கிட்டாங்க. “வேணாம்மா, படிக்கிற பிள்ளை நீ. என் காலைப் பிடிக்கலாமா? பாவம் வந்து சேரும்.”

அதுக்கு அவள், “பாட்டி, காலைப் பிடிக்கிறதுதான் பாட்டி எங்க படிப்பே” என்றாள். பாட்டிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. காலை நீட்டினாங்க.

பெரியபுராணத்துல கலிக்கம்ப நாயனார் கதை தெரியும்தானே. தன் வீட்ல ஒரு காலத்துல வேலைக்காரனா இருந்தவர் சிவனடியாரா வந்து நின்னப்ப, அவர் காலையும் கழுவி வணங்கினவர். யார் கால் என்று பார்க்கலை. காலைத் தொடுறது கேவலமான வேலைன்னு நம்ம சமயம் எங்கேயும் சொல்லலை. “மசாஜ் கடையா” என்று கேட்டவங்களுக்கு இதுதான் எங்க பதில்.

அந்தப் பாட்டிக்கு 20 வருஷமா இனிப்பு நீர். பிள்ளைங்க மெல்லிசான நைலான் இழை ஒண்ணை வெச்சு பாதத்துல பல இடத்துல தொட்டுப் பார்த்தாங்க. பாதி இடத்துல பாட்டிக்கு உணர்ச்சியே இல்லை. தார் ரோட்ல வெறுங்காலோட நடந்து கொப்புளம் வந்ததே அவங்களுக்குத் தெரியலை. பக்திக்கு வலி தெரியாதுன்னு நாம பெருமையா சொல்லுவோம். சில சமயம் அது நரம்பு செத்துப்போனதால வர்ற மரத்துப்போன நிலையாகவும் இருக்கும். 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டுல பெரியவங்கள்ல 100-க்கு சுமார் 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தா 100-க்கு சுமார் 31 பேர். நம்ம திருவிழாவுல வெறுங்காலோட நடக்கிற கூட்டத்துல இப்படி எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. இனிப்பு நீர் உள்ளவங்க நேர்த்திக்கடனுக்கு முன்னாடி கிளினிக்ல பாதத்தைக் காட்டிட்டு வாங்க. முடிச்சதும் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, கழுவித் துடைங்க.

இன்னொரு சோதனையும் செஞ்சாங்க. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரணும். 12 விநாடி அல்லது அதுக்கு மேல ஆச்சுன்னா விழுற ஆபத்து இருக்கலாம்னு சொன்னாங்க. நம்ம தாத்தாமார்கள் இதை ஒரு போட்டி மாதிரி ஆக்கிட்டாங்க, வரிசை கட்டி நின்னாங்க. வீட்ல நீங்களும் செஞ்சு பார்க்கலாம். பக்கத்துல ஒரு ஆள் நிற்கணும்.

மனசுல நின்ன இன்னொண்ணு. பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவை மகன் தள்ளுவண்டியில கூட்டி வந்தார். ஆஸ்பத்திரி பிசியோவுக்கு ரெண்டு தடவை போனதோட சரி. வேலைக்கு லீவு போட முடியலை, அப்பாவும் “வலிக்குது, வேணாம்” என்றாராம். மகன் அவரைத் தூக்குறப்ப விழுந்துபோன கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்கினார். அந்தப் பிசியோதெரபிஸ்ட் உடனே தடுத்துட்டார். பக்கவாதம் வந்த தோள்ல தசைக்குப் பலம் இருக்காது, கையைப் பிடிச்சு இழுத்தா மூட்டு இறங்கிடும், அப்புறம் வலி தாங்காதுன்னு விளக்கினார். இடுப்பைப் பிடிச்சு எப்படி எழுப்பறதுன்னு காட்டிக் கொடுத்தார். பக்கவாதத்துக்கு அப்புறம் முதல் சில மாதங்கள்தான் உடம்பு வேகமா தேறுற காலம், அதை வீணாக்கக்கூடாதுன்னும் சொன்னார். எண்ணெய் தேய்க்கிறதை யாரும் குறை சொல்லலை. அதை மட்டும் நம்பி பயிற்சியை விட்டுடாதீங்க என்றார். அந்த மகன் மறுபடி அப்பாயின்ட்மென்ட் எடுத்துட்டார்.

எங்கள்ல ஃபேக்டரியில வேலை பார்க்கிறவங்களுக்கு இந்தத் தொழிலோட மதிப்பு ஏற்கெனவே தெரியும். மெஷின்ல கை மாட்டி, விரல் மடங்காமப் போன ஒரு தம்பி சொக்சோ மூலமா மலாக்காவுல இருக்கிற துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்துக்குப் போனான். 2014-ல் திறந்த மையம் அது, நம்ம மாநிலத்துலேயே இருக்கு. ஸ்குரூ முடுக்குறதிலிருந்து பெட்டி தூக்குறது வரைக்கும் பழக்கி அனுப்பினாங்க. இன்றைக்கு அவன் மறுபடி லைன்ல நிற்கிறான். அவன் கையைத் திருப்பிக் கொடுத்த பிசியோவும் ஒரு காலத்துல மாணவர்தான்.

இப்ப பெற்றோர்களுக்குச் சில வார்த்தை. எஸ்.பி.எம். முடிச்ச பிள்ளைங்க இந்தப் படிப்பைக் கேட்டா உடனே வேணாம்னு சொல்லாதீங்க. கெடாவுல பீடோங்ல நம்ம சமுதாய முயற்சியில 2001-ல் தொடங்கின ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துலயும் இந்த டிகிரி இருக்கு, வேற இடங்கள்லயும் இருக்கு. சேர்க்கிறதுக்கு முன்னாடி எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கான்னு கட்டாயம் பாருங்க. 774-ஆம் சட்டம் 2020 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்திருக்கு. பிசியோதெரபிஸ்ட் உட்பட 23 சுகாதாரத் தொழில்கள் அதுக்குள்ள வருது. பதிவு இல்லாம அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. ஏஜென்ட் பேச்சை மட்டும் நம்பி காசு கட்டாதீங்க. அரசாங்க வேலை கையோட கிடைக்கும்னு யாராவது சொன்னா அதையும் நம்பாதீங்க.

பிள்ளை சேர்ந்த பிறகு சங்கத்துல இருக்க விடுங்க. ஊரை விட்டு, அம்மா அப்பாவை விட்டு ஒரு பகல் பஸ் பயணத்துல இருக்கிற பிள்ளைக்கு, மனசு உடையற ராத்திரியில கதவைத் தட்ட நாலு ரூம் வேணும். அந்தப் பொண்ணோட அப்பா இதையெல்லாம் கேட்டுட்டு ஒண்ணும் பேசலை. சாயந்திரம் பார்த்தா, பிள்ளைங்க எல்லாருக்கும் அவரே அன்னதானத்துல வாழை இலை போட்டுப் பரிமாறிக்கிட்டிருந்தார்.

இனி செய்யப்போறது இதுதான். செப்டம்பர் 8-ஐ ஒட்டி வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பூஜைக்கு அப்புறம், நிர்வாகத்தின் அனுமதியோட மண்டபத்துல பிள்ளைங்க மறுபடி வர்றாங்க. அப்பவும் பதிவு பெற்றவர் கூட இருப்பார். பெண்களுக்குப் பெண் பிள்ளைங்கதான் பார்ப்பாங்க, திரை கட்டுறோம். கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரி கார்டு, சாப்பிடற மருந்துப் பட்டியல் இருந்தா எடுத்துட்டு வாங்க. தோட்டத்துல, தாமான்ல தனியா இருக்கிற வயசானவங்களைக் கூட்டி வர கார் உள்ளவங்க பேர் கொடுங்க. எங்களுக்கு இன்னும் 5 கார், 10 பாய், கை வைக்காத நாற்காலி கொஞ்சம் தேவைப்படுது.

அந்தப் பிள்ளைங்களைப் பார்த்தா “நல்லா படிங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்க பஸ் செலவைவிட அது பெருசு.

எல்லாரும் சுகமா நடமாட முருகன் அருள் புரியட்டும்.

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள், மெர்லிமாவ் 🙏