செய்தி கேட்கிறவருடைய செட்

பெங்களூரில் மீடியா படிக்கும் பையன் ஒருவன், எங்கள் ஊர்க்காரர் வீட்டுப் பேரன், சமீபத்தில் என் ரேடியோ ரிப்பேர் கடைக்கு வந்திருந்தான். முழுநேரச் செய்தி வானொலிகளையும் அவற்றின் நேயர்களையும் ஒப்பிட்டு ஏதோ ஆய்வு எழுதுகிறானாம். நியூயார்க்கில் 1965இல் வின்ஸ் என்ற நிலையம் பாட்டை விட்டுவிட்டு முழுக்கச் செய்திக்கு மாறியதையும், 1967இல் டபிள்யூசிபிஎஸ் போட்டிக்கு வந்ததையும், அந்த இரண்டாவது நிலையம் 2024இல் செய்தியை நிறுத்திவிட்டதையும் ஆர்வமாகச் சொன்னான். அதோடு போயிருக்கலாம். "நம்ம நாட்டுல தனியார் எஃப்எம் சொந்தமா நியூஸ் போடக் கூடாது தாத்தா. அதனால இந்தப் பக்கம் நியூஸ் ரேடியோவும் கிடையாது, அதுக்கு ஆடியன்சும் கிடையாது" என்று முடித்தான்.

முதல் பாதி சரி. இரண்டாவது பாதியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கல்லாவியில் இத்தனை காலம் நான் ரிப்பேர் பார்த்ததெல்லாம் யாருடைய செட்?

நாள் முழுக்கச் செய்தி சொல்லும் ஒரே நிலையம் எங்களுக்கு இல்லைதான். ஆனால் காலை 7.15க்கு டில்லி, சாயங்காலம் 6.30க்கு சென்னையிலிருந்து மாநிலச் செய்தி, இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை என்று முள்ளை நகர்த்தி நகர்த்தி ஜனங்களே ஒரு செய்தி ரேடியோவைக் கட்டிக்கொண்டார்கள். பெங்களூரில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நடுவே கன்னடச் செய்தியும் ஓடும். சென்னை 720 கிலோஹெர்ட்ஸ், பெங்களூர் 612, திருச்சி 936. இந்த மூன்று எண்ணும் இங்கே எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். முள் எங்கே நிற்க வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும்.

யார் எந்த ஸ்டேஷன் கேட்கிறார் என்று நான் யாரையும் கேட்டதில்லை. பின்மூடியைக் கழற்றினால் செட்டே சொல்லிவிடும். பாட்டுக் கேட்கிறவர் செட்டில் வால்யூம் கண்ட்ரோல் தேய்ந்து கரகரக்கும். செய்தி கேட்கிறவர் செட்டில் வால்யூம் புதிதாக இருக்கும், டயல் நூல்தான் ஒரே இடத்தில் நைந்திருக்கும். மீடியம் வேவையும் ஷார்ட் வேவையும் தினம் மாற்றுகிறவருக்கு பேண்ட் சுவிட்ச் காண்டாக்ட் பளபளவென்று இருக்கும், சென்னையை விட்டு நகராதவருக்கு அது பச்சை பிடித்திருக்கும். பேட்டரிக் கட்டையும் அப்படித்தான். செய்திக்கு மட்டும் போடுகிறவர் வீட்டில் கட்டை தீர்வதற்கு முன்பே கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். அந்தப் பையனுடைய கேள்வித்தாளில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

தொழில் கற்றது திருப்பத்தூரில். வாத்தியார் கடையில் சிக்னல் ஜெனரேட்டர் இருந்தது. 455 கிலோஹெர்ட்ஸுக்கு வைத்து, ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கிற ஐஎஃப்டி காயில்களைத் திருகி ஒலி உச்சத்துக்கு வந்ததும் நாங்கள் வேலை முடிந்தது என்போம். அவர் முடிந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார். கடைசிச் சுற்று சரோஜ் நாராயணசுவாமி குரலில்தான். அந்த அம்மா டில்லியிலிருந்து செய்தி வாசிக்கும் நேரம் வரைக்கும் செட் மேஜையிலேயே இருக்கும். வாசித்து முடித்ததும் கடைசி மூன்று செய்தியை நாங்கள் வரிக்கு வரி திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு பெயரோ ஒரு எண்ணோ தடுமாறினால் மூடி மறுபடி கழறும். "பாட்டுல ஒரு வரி போனா ஜனம் தானே பாடி நிரப்பிக்கும். நியூஸ்ல போனதை எவன்டா நிரப்புவான்?" என்பார். பாட்டைப் போட்டு செட்டை டெஸ்ட் பண்ணினால் கைமேலேயே அடி விழும்.

அவர் எங்களை வதைத்தது ஒரே விஷயத்துக்காக. மூன்று ஐஎஃப்டியையும் உச்சத்தில் வைத்தால் பக்கத்து ஸ்டேஷன் ஒதுங்கும், ஆனால் குரல் கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வரும். ச, ஸ, ட எல்லாம் மழுங்கிப்போகும். அகலமாக வைத்தால் எழுத்தெழுத்தாகக் கேட்கும், கூடவே பக்கத்து ஸ்டேஷனும் வந்து உட்காரும். இரண்டையும் ஒரு செட்டில் கொண்டுவர முடியாது. ஆகவே இந்த செட் யாருடையது, எந்தச் செய்திக்கு என்று முதலில் முடிவு பண்ண வேண்டும். சென்னையும் பெங்களூரும் கேட்கிற விவசாயிக்கு மஞ்சள் ஐஎஃப்டியை 455இல் வைத்து, வெள்ளையை ஒரு மயிரிழை மேலே, கறுப்பை ஒரு மயிரிழை கீழே தள்ளுவேன். பகலில் பக்கத்தில் தொந்தரவு செய்ய யாரும் இல்லை, எழுத்துத் தெளிவாக வரட்டும். தமிழோசை வந்த காலத்தில், ராத்திரி ஷார்ட் வேவ் கேட்டவருக்கு மூன்றும் கூர்மையாக 455இல் நிற்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் தமிழோசை மேல் சீனாக்காரன் ஏறிவிடுவான். இதில் 910 கிலோஹெர்ட்ஸ் கீழே வரும் இமேஜ் வேறு. ஒரே தமிழோசை டயலில் இரண்டு இடத்தில் எடுக்கும், பலர் மங்கலான இடத்திலேயே வைத்துக்கொண்டு செட் சரியில்லை என்பார்கள். ஐஎஃப்டியின் இந்த அகலத்தைக் காதால் பிடிக்க எனக்கு வருஷக்கணக்கில் ஆனது. மீட்டர் வைத்து இதைச் சொல்லிக்கொடுக்கிறவரை நான் பார்த்ததில்லை.

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அணை திறக்கப்பட்டதா, திறக்கப்படவில்லையா என்பது அந்தக் கடைசி நொடியில்தான் தெரியும். ஷார்ட் வேவில் ஒலி அலைபோல் ஏறி இறங்கும்போது அந்த நொடி அமுங்கினால் முழுச் செய்தியும் போச்சு. அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிற ஏஜிசி கண்டென்சரை மாற்றாமல் செட்டைத் திருப்பிக் கொடுக்கிறவனை வாத்தியார் மெக்கானிக் என்றே சொல்ல மாட்டார்.

காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த கையோடு 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்தன. இங்கிருந்து கட்டட வேலைக்குப் போன குடும்பங்கள் அங்கே இருந்தன. அந்த வாரம் கடைக்கு வந்த செட்டெல்லாம் ஒரே கோரிக்கையோடு வந்தன, 612 தெளிவாக எடுக்க வேண்டும். கன்னடம் பாதிதான் புரியும். ஆனாலும் ஊரடங்கு எந்தப் பக்கம், பஸ் ஓடுகிறதா என்பதை அங்கேயிருந்து வரும் குரலில் கேட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. சென்னைச் செய்தியை அதற்கப்புறம் கேட்பார்கள், அரசாங்கம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள. இரண்டு நிலையத்துக்கும் ஒரே நேயர்தான், ஆனால் இரண்டிடமும் அவர் கேட்டது வேறு வேறு.

ஊத்தங்கரை பாம்பாறு அணைப் பக்கம் அகதிகள் முகாமில் இருக்கிற இலங்கைக்காரர்களைப் போல் செய்தி கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. 2009 மே மாதம் ஒரு அம்மா துணிப்பையில் செட்டைச் சுற்றி எடுத்துவந்தார். ஆசிலேட்டர் சூடேறி ஸ்டேஷன் நகர்ந்துகொண்டே இருந்தது. "அண்ணை, ஒன்பதே கால் செய்திக்கு முதல் தந்திடுவியளோ?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பிஎஃப்194 டிரான்சிஸ்டரை மாற்றி, கூர்மையாக அலைன் பண்ணி, காயிலுக்கு மெழுகு வைத்துக் கொடுத்தேன். கடையிலேயே நின்று ஒருமுறை போட்டுப் பார்த்தார். கூலியை வாங்க எனக்கு மனம் வரவில்லை, அவர் வைத்துவிட்டுத்தான் போனார். இலங்கை வானொலி சொன்னதையும் இந்திய வானொலி சொன்னதையும் லண்டன் பிபிசி சொன்னதையும் அவர்கள் மூன்றாக வைத்துக்கொண்டு, எதில் எது விட்டுப்போயிற்று என்று பேசிக்கொள்வார்கள். நேயர்களை ஒப்பிட வருகிறவன் முதலில் அந்த முகாமுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

1941 மே மாதம் தொடங்கிய பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு வானொலியில் நின்றுபோனது. நேயர் குறைந்ததற்கு மொபைல்தான் காரணம் என்பார்கள். அதில் பாதிப் பங்கு எங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. இன்றைக்கு மர்பியோ பிலிப்ஸோ போனால் ரிப்பேர் கடைத் தம்பிகள் என்ன செய்கிறார்கள்? உள்ளே இருக்கும் போர்டை, கேங்கை, ஃபெரைட் ராடைப் பிடுங்கிப் பழைய இரும்பில் போட்டுவிட்டு, யுஎஸ்பி எஃப்எம் கிட் ஒன்றை ஒட்டித் தருகிறார்கள். பத்து நிமிட வேலை. ஒலி கும்மென்று வருகிறது, பெரியவரும் சந்தோஷமாக வாங்கிப் போகிறார். வீட்டுக்குப் போன பிறகுதான் சென்னையும் இல்லை, பெங்களூரும் இல்லை என்று தெரிகிறது. செய்தியை அஞ்சல் செய்ய தர்மபுரி பண்பலை 102.5 இருப்பதால் தப்பித்தோம். மற்ற எஃப்எம்களில் விடிய விடியப் பாட்டும் சிரிப்பும்தான். அந்தப் பெரியவர் செய்தி கேட்பதை நிறுத்தவில்லை, நிறுத்த வைத்தார்கள். பிறகு ஆடியன்ஸ் இல்லை என்று ஆய்வு எழுதுகிறார்கள்.

போதாததற்கு எல்இடி பல்பு, செல் சார்ஜர், பம்புசெட் ஸ்டார்ட்டர் எல்லாம் மீடியம் வேவில் இரைச்சலைக் கொட்டுகின்றன. அதற்கும் வழி இருக்கிறது. செட்டை ஜன்னல் பக்கம் வைத்து, ராடு ஸ்டேஷனுக்குக் குறுக்கே வரும்படி திருப்பினால் பாதி இரைச்சல் போகும். இதைக்கூட வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் பொறுமை இல்லை.

ஊத்தங்கரை, தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கடைத் தம்பிகளே, பழைய செட் வந்தால் போர்டில் கை வைப்பதற்கு முன் டயல் நூல் எங்கே நைந்திருக்கிறது என்று பாருங்கள். நூல் 720 பக்கம் நைந்திருந்தால் கிட்டை எடுக்காதீர்கள். மஞ்சள், வெள்ளை, கறுப்பு மூன்றையும் பிளாஸ்டிக் குச்சியால் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் செட்டை கல்லாவிக்கு அனுப்புங்கள். சாயங்காலம் ஆறரை மணிச் செய்தியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.