பிறப்பும் பகடையும்

ஓகஸ்ட் விடுமுறை ஒன்றில், வன்னியிலுள்ள எமது ஊர் வாசிகசாலையின் பின் விறாந்தையிலே மாணவர் அறுவரைக் கூட்டிவைத்து நாம் ஒரு விளையாட்டை ஆடத் தொடங்கினோம். பிள்ளைகள் கைப்பேசியிலே தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கின்றனர் என்று புலம்பும் ஆசிரியர் கூட்டத்தில் நாமும் ஒருவர். புலம்புவதை விடுத்து ஏதேனும் செய்து பார்ப்போம் என்ற எண்ணமே எம்மை அவ்விளையாட்டின் பக்கம் திருப்பியது. கனடாவிலிருந்து வந்து திரும்பிய எமது மருமகன், விதி நூல்கள் சிலவற்றையும் இருபது முகங் கொண்ட பகடையொன்றையும் எம்மிடம் விட்டுச் சென்றிருந்தான்.

விளையாட்டை அறியாத வாசகர்க்கு இரண்டொரு வார்த்தை கூறவேண்டும். மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கின்றனர். ஒருவர் கதையை நடத்துகின்றார். தம் பாத்திரம் என்ன செய்ய முனைகின்றது என்பதை ஆடுபவர் வாயாற் சொல்வார். அது கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கூத்தும் தாயமும் கலந்த ஒன்று எனக் கொள்ளலாம். 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் ஆக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதே இவ்வகையில் அச்சேறி விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு. நாடு, ஆறு, அரசு, மக்கள் ஆகிய அனைத்தையும் ஆடுவோர் தாமே படைத்துக்கொள்வது தொடக்கத்திலிருந்தே அதன் வழக்கம். நாமும் ஓர் உலகைப் படைத்தோம்.

ஒரு கொப்பியிலே நான்கு இனங்களை வகுத்தோம். சுரங்கம் தோண்டும் குன்றவர், சிறகுடைய வானவர், மரக்கலம் செலுத்தும் கடலவர், சதுப்பு நிலத்தில் வாழும் சேற்றவர் என்பன அவை. நூலிற் கண்டவாறே வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி என்னும் ஆறு ஆற்றல்களுக்கும் எண் கொடுத்தோம். வானவருக்கு அறிவில் இரண்டைக் கூட்டினோம். சேற்றவருக்கு வலிமையில் இரண்டைக் கூட்டி, அறிவில் இரண்டைக் குறைத்தோம்; 'நம்பத்தகாதவர்' என்று பக்கத்திலே ஒரு குறிப்பும் எழுதினோம். எழுதும்போது எம் கை நடுங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சீட்டுக் குலுக்கியபோது, பதினைந்து வயது மாணவி ஒருத்திக்குச் சேற்றவர் இனம் விழுந்தது. அவளுடைய பாட்டனார் 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத் தோட்டமொன்றை விட்டு வன்னிக்கு வந்து குடியேறியவர். அவள் எமது குறிப்பை இரண்டு முறை வாசித்தாள்.

"சேர், இதிலை பிறந்தால் எவ்வளவு படிச்சாலும் மொக்குத்தானோ?" என்று கேட்டாள்.

மற்றைய பிள்ளைகள் சிரித்தனர். "இது விளையாட்டுத்தானே, பிள்ளை" என்று சொல்லி நாமும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. பேசாமற் பகடையை எடுத்து உருட்டினாள்.

அன்றிரவு மருமகனின் நூல்களை மீண்டும் புரட்டினோம். எமது கணக்குக்கு ஒரு பரம்பரை இருந்தது. 1974 ஆம் ஆண்டின் விதிகளிலே குள்ள இனத்தான் ஒருவன் போர்வீரனாக ஆறாம் படிக்கு மேல் ஏறமுடியாது. மனிதனுக்கோ அத்தகைய தடை இல்லை. 2000 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு அப்படித்தடையை நீக்கியது. எனினும் அதே பதிப்பில், 'ஒர்க்' என்னும் அரக்க இனத்தின் குருதி கலந்து பிறந்தவனுக்கு வலிமையில் இரண்டு கூடும். அறிவிலும் கவர்ச்சியிலும் இவ்விரண்டு குறையும். உடல் உழைப்புக்குப் பிறந்தவன், சிந்தனைக்குப் பிறவாதவன் என்னும் தீர்ப்பு ஆட்டம் தொடங்குமுன்னரே எழுதப்பட்டுவிடுகின்றது.

இத்தகைய தீர்ப்பை எமது நாடுகள் கதையுலகில் மட்டும் கண்டவை அல்ல. 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர் இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர், சில மக்களைப் 'போர்க் குலங்கள்' எனப் பெயரிட்டுப் படைக்குச் சேர்த்தனர். பிறரை வீரமற்றோர் என ஒதுக்கினர். 1871 ஆம் ஆண்டில் அவர்கள் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம் சமூகங்கள் பலவற்றைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகப் பதிந்தது. அச்சட்டம் 1911 ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. எமது கொப்பியில் 'நம்பத்தகாதவர்' என்று நாம் எழுதிய சொல்லுக்கும் அந்தப் பதிவேட்டுக்கும் உள்ள தூரம் பெரிதன்று. இலங்கையிலோ, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. ஒரு மனிதன் என்ன செய்தான் என்று அச்சட்டம் கேட்கவில்லை; அவனும் அவன் தந்தையும் எங்கே பிறந்தனர் என்றே கேட்டது. அச்சட்டத்தை வகுப்பிலே கண்டித்துப் பேசும் நாம், மாலையில் வாசிகசாலை விறாந்தையிலே அதே வேலையைச் செய்திருந்தோம்.

அவ்விளையாட்டின் வெளியீட்டாளரும் வாளாவிருக்கவில்லை. 2020 ஆம் ஆண்டில் வெளியான துணை நூலொன்று, இனத்துக்கென விதித்த எண்களை ஆடுவோர் விரும்பியவாறு மாற்றி வைக்க இடமளித்தது. 2024 ஆம் ஆண்டின் புதிய நூலில் 'இனம்' என்ற சொல்லே நீக்கப்பட்டு, உயிரினவகையைக் குறிக்கும் சொல் அவ்விடத்தில் வந்தது. ஆற்றல் எண்கள் பிறப்பினின்று பிரிக்கப்பட்டு, வளர்ந்த பின்னணியோடு சேர்க்கப்பட்டன. இது முன்னேற்றமே. ஆயினும் நாம் அப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினோம். உழவனாக வளர்ந்தவனுக்குரிய மூன்று ஆற்றல்கள் வலிமை, உடலுறுதி, விவேகம் என்பன. பிரபுவாக வளர்ந்தவனுக்குரியவை வலிமை, அறிவு, கவர்ச்சி. குருதியை விட்டு நீங்கிய கணக்கு வர்க்கத்தின் வாசலிலே போய் நிற்கின்றது. சொல்லை மாற்றுவது எளிது. கணக்கு எங்கிருந்து வந்தது எனக் கேட்பதே கடினம்.

மறுநாள் கொப்பியைப் பிள்ளைகள் முன்வைத்து எமது பிழையை ஒப்புக்கொண்டோம். எல்லா எண்களையும் அடித்துவிடலாமா என்று கேட்டபோது, மாணவன் ஒருவன் மறுத்தான்.

"அப்ப எல்லாரும் ஒரே மாதிரியெண்டால் விளையாட்டிலை என்ன இருக்கு, சேர்?"

நியாயமான கேள்வி. வேறுபாடு இல்லாத உலகில் எவருக்கும் சுவை இராது. ஆகவே வேறுபாட்டை வைத்துக்கொண்டு, அதனை இரண்டாகப் பிரித்தோம். சிறகு, இருளிற் காணும் கண், நீருக்கடியில் நெடுநேரம் அடக்கும் மூச்சு ஆகியவை உடலுக்குரியவை. அவை பிறப்போடு வரலாம். மொழி, தொழில், கல்வி, குணம் ஆகியவை வரலாற்றுக்குரியவை. அவற்றைப் பிறப்போடு கட்டலாகாது. அடுத்து, ஒவ்வோர் இனத்துக்குள்ளும் யார் உழைக்கின்றார், விளைச்சல் யார் களஞ்சியத்துக்குப் போகின்றது, எதைப்பற்றித் தமக்குள்ளே சண்டையிடுகின்றனர் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதவேண்டும் என விதித்தோம். வானவருள்ளும் கூலிக்குச் சுமை பறப்போர் தோன்றினர். குன்றவருட் சுரங்கமுடையோருக்கும் தோண்டுவோருக்கும் இடையே வேலைநிறுத்தம் ஒன்று மூண்டது. எமது உலகம் முன்னிலும் பன்மடங்கு உயிர்பெற்றது.

சேற்றவரின் வரலாற்றை அம்மாணவியே எழுதினாள். அவள் அறிவுக்குரிய எண்ணை அடித்துவிடுவாள் என்றே எதிர்பார்த்தோம். அவளோ அதனைக் கதைக்குள்ளே கொண்டுபோனாள். குன்றவரின் அரசன் சதுப்பு நிலத்துக்கு வரிப்பதிவாளரை அனுப்பினான்; எத்தனை பேர், எவ்வளவு மீன், எங்கே வள்ளம் என்று அவர்கள் கேட்டனர்; சேற்றவர் ஒன்றும் விளங்காதவர்போல் நின்றனர். வரிப்பதிவாளர் 'இவர்கள் அறிவு குறைந்தோர், நம்பத்தகாதோர்' என்று ஏட்டில் எழுதிக்கொண்டு திரும்பினர். அந்த ஏடே நாட்டின் பாடநூலாயிற்று. எமது குறிப்பு அவள் கதையிலே ஒரு பதிவாளனின் பொய்யாக மாறி நின்றது.

இவ்விளையாட்டுக்காக உலகம் படைப்போர் எல்லாரும் கற்கவேண்டியதை அவள் எமக்குக் கற்பித்தாள். இகழ்ச்சியற்ற உலகைப் படைத்தல் வேண்டும் என்பதில்லை. அத்தகைய உலகிற் போராடவும் ஒன்றுமிராது. இகழ்ச்சி கதைமாந்தரின் வாயில் இருக்கலாம், அரசனின் ஏட்டில் இருக்கலாம். விதி நூலில் அது ஏறலாகாது. மாந்தர் வாயிலுள்ளதை மற்றொரு மாந்தர் மறுத்துரைக்க இயலும். விதியில் ஏறியதை மேசையைச் சுற்றியிருக்கும் எவரும் மறுக்க இயலாது. அது இயற்கையின் வேடம் பூண்டுவிடுகின்றது.

ஆசிரியராகிய நாம் நாள்தோறும் இத்தகைய கணக்குகளை எழுதுகின்றோம். இந்தப் பகுதிப் பிள்ளைக்குக் கணிதம் ஏறாது, அந்தக் குடும்பத்துப் பிள்ளை மண்வெட்டிக்கே உரியது என்று ஆசிரியர் அறையிலே பேசப்படும் சொற்கள் புள்ளிப் புத்தகத்தில் இடம்பெறுவதில்லை. ஆனால் யாரை முன்வரிசையில் இருத்துகின்றோம், யாரிடம் கேள்வி கேட்கின்றோம் என்பவற்றில் அவை எண்களாகவே செயற்படுகின்றன.

விடுமுறை முடியுமுன் அம்மாணவியின் பாத்திரம் குன்றவர் தலைநகருக்குச் சென்று, ஏடுகள் வைத்திருக்கும் மண்டபத்துட் புகுந்தது. காவலனை ஏமாற்ற அவள் பகடையை உருட்டினாள். மூன்று விழுந்தது, பிடிபட்டுவிட்டாள். அடுத்த விடுமுறையில் விசாரணை நடைபெறும். அரசனுக்காக வழக்காடும் பொறுப்பு எமக்கு; அவளோ இப்போதே வாதத்தை எழுதத் தொடங்கிவிட்டாள்.