எக்செல் ஷீட்டில் ஓடும் என்ஜின்

பி.காம். படிக்கிறவனுக்கு என்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இப்போதைய பைக் ஓடுவதே ஒரு எக்செல் ஷீட்டை நம்பித்தான். அந்த ஷீட்டை வீட்டு வாசலிலேயே மாற்றிப் பார்த்த கதை இது.

கார்புரேட்டர் காலத்தில் ஜெட்டை மாற்றி, ஸ்க்ரூவைத் திருகி டியூன் செய்வார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு புது பைக்குகள் பெரும்பாலும் எப்.ஐ. ஆகிவிட்டன. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது என்பதை ஈ.சி.யூ. என்ற சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதற்குள் ஒரு அட்டவணை. ஒரு பக்கம் ஆர்.பி.எம்., இன்னொரு பக்கம் ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, நடுவில் கட்டம் கட்டமாகப் பெட்ரோல் கணக்கு. இதற்குப் பெயர்தான் 'மேப்'.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் அந்த அளவுதான் தோது. ஆனால் முழு சக்தி கிடைப்பது 13-க்குப் பக்கத்தில், அதாவது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும்போது. கம்பெனி புகைக்கும் மைலேஜுக்கும் பார்க்கிறது, கஸ்டம் டியூன் இழுவைக்குப் பார்க்கிறது.

என் கிளாஸ் நண்பன் ஒருவன் சாயங்காலம் சாப்பாடு டெலிவரி செய்கிறான். அவன் காலேஜ் பீஸே அந்த 200 சிசி பைக்கில்தான் வருகிறது. வாரண்டி முடிந்த வண்டி. டிராபிக்கில் மெதுவாகப் போனால் வெட்டி வெட்டி இழுக்கிறது என்று புலம்புவான். "மச்சி, டியூன் பண்ணிடலாம்டா" என்று ஒரு நாள் பழைய பிக்கிபேக் பெட்டி ஒன்றோடு வந்து நின்றான். ஈ.சி.யூ.வையே அழித்து எழுதும்போது பாதியில் பாட்டரி இறங்கினால் வண்டி படுத்துவிடும், சம்பாத்தியமும் கூடவே படுத்துவிடும். இந்தப் பெட்டியில் அந்தப் பயம் இல்லை. பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

பாட்டரி நெகட்டிவைக் கழற்றி, சீட்டை எடுத்து, டேங்கைத் தூக்கினோம். இன்ஜெக்டர் கப்ளரைப் பிரித்து நடுவில் பெட்டியின் வயரைச் சொருகினோம். த்ராட்டில் சென்சாருக்கும் அப்படியே. ஆக்சிஜன் சென்சார் கப்ளரை எடுத்துவிட்டு, பெட்டியோடு வந்த சின்னக் கப்ளரை மாட்டினோம். இல்லாவிட்டால் பெட்ரோல் கூடியதை ஈ.சி.யூ. கண்டுபிடித்துத் திரும்பக் குறைத்துவிடும். அப்புறம் லேப்டாப்பில், கீழ் ஆர்.பி.எம். கட்டங்களில் மட்டும் 4% கூட்டினோம். இக்னிஷன் டைமிங்கைத் தொடவே இல்லை. நாக்கிங் வந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து, அதை அளக்க எங்களிடம் கருவியும் கிடையாது.

வெட்டல் போயே போச்சு! நண்பன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

ஆனால் நாம் காமர்ஸ் ஆச்சே. இரண்டு வாரம் டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்கு எழுதினோம். 40 கொடுத்த வண்டி 36 கொடுத்தது. காலேஜும் டெலிவரியும் சேர்த்து தினம் 72 கி.மீ. ஓட்டுகிறான். முன்பு 1.8 லிட்டர், இப்போது 2 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 20 ரூபாய், 26 நாளுக்கு 520. அவனுக்கு அது ஒரு சாயங்காலத்து உழைப்பு. இது போக, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யாமல் வெளியே போகும் புகையைப் பின்னால் வருகிறவர் சும்மா சுவாசிக்கிறார். எக்கனாமிக்ஸில் படித்த புறச்செலவு இதுதான்.

"சுகமா ஓடுது, ஆனா கட்டுப்படி ஆகலைடா" என்றான். அடுத்த ஞாயிறு பெட்டி கழன்றது. அன்றைக்கே தொங்கிக்கொண்டிருந்த செயினை இறுக்கி, ஆக்ஸிலரேட்டர் கேபிளின் தளர்வையும் சரி செய்தோம். பாதி வெட்டல் அதிலேயே போய்விட்டது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

டியூன் ஆசை இருக்கிறவர்கள் முதலில் செயினையும் கேபிளையும் பாருங்கள். அப்புறம் ஒரு மாத மைலேஜை எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் டியூனால் லாபமா நஷ்டமா என்று தெரியும். உங்கள் வண்டி எவ்வளவு கொடுக்கிறது?