விசைப்பலகையில் தாய்மொழி

தமிழ் எழுதுவதற்கு முதலில் ஆங்கில எழுத்துக்கூட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று எவரேனும் கட்டளையிட்டால் நாம் வெகுண்டெழுவோம். ஆயின், யாரும் பிறப்பிக்காமலே அத்தகையதொரு கட்டளை எமது பாடசாலைக் கணினி அறையில் ஆட்சி செலுத்தி வந்தது. மாணவர் பெரும்பாலோர் கைக்கொண்டது, உரோம எழுத்தின் ஒலியைத் தட்டித் தமிழைப் பெறும் முறையையே. அவ்வகையில் பலரும் அறிந்த அஞ்சல் விசையமைப்பில் 'ழ' வேண்டுமாயின் 'இசட்'டைத் தட்ட வேண்டும். 'செய்நன்றி' என்ற சொல்லின் நடுவே நிற்கும் 'ந'வுக்கு 'டபிள்யூ'! ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது விளையாட்டு. கரையோரக் கிராமத்திலிருந்து வரும் மீனவர் பிள்ளைக்கோ தாய்மொழிக்கும் விரலுக்கும் இடையே எழுந்த வேலி. வசதி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், யாருக்கு வசதி என்று கேட்பது நல்லது.

இத்தனைக்கும், தமிழ்த் தட்டச்சுக்கு வழி வகுத்தவர் இக்குடாநாட்டு மண்ணிற் பிறந்தவரே. 1886 இல் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா, சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றிற் பணியாற்றியவர். 247 எழுத்துகளை ஒரு சிறு பலகைக்குள் அடக்குவது எங்ஙனம்? தட்டினாலும் தாள் நகராது நிற்கும் 'நகரா விசை'களை அமைத்து, புள்ளியையும் விசிறியையும் மெய்யோடு பொருத்தி அவர் விடை கண்டார். அவருடைய பொறி ஜெர்மனியில் உருவாயிற்று. அந்தப் பலகையிற் பழகியவரிடம் எவரும் ஆங்கிலம் கேட்கவில்லை.

கணினி வந்த பின்னர் எம்மவரிடையே பரவிய பாமினி எழுத்துருவும் 'ய, ள, ன, க, ப' என்ற அந்தப் பழைய விரல்வரிசையையே காத்தது. விரலுக்குத் தமிழ்தான், உள்ளே ஒளிந்திருந்தது ஆங்கிலம். 'தமிழ்' என்று தட்டினால் கணினி நினைவில் வைப்பது 'ஜே, கே, பி, ஓ' என்ற நான்கு எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும். பாமினி இல்லாத கணினியில் அந்த ஆவணம் வெறுங் குப்பை! தமிழ் எழுத்துக்கெனத் தனிக் குறியிடங்களை அளிக்கும் யுனிக்கோட்டினாலேயே இத்துன்பம் தீர வழி பிறந்தது.

நாம் செய்தது பெரிய காரியம் அன்று. இலவசமாகக் கிடைக்கும் எ-கலப்பை மென்பொருளை நிறுவி, அதிற் பாமினி விசையமைப்பைத் தேர்ந்தோம். விரல் ஓடுவது பழைய வரிசையில். கணினி சேமிப்பது யுனிக்கோட்டில். ஆங்கில எழுத்து மட்டுமே பொறித்த விசைகளின்மேல், தமிழ் எழுதிய சிறு ஒட்டுத்தாள்களை மாணவரே ஒட்டினர்.

"பேசினாற் கணினி எழுதித் தருகிற காலத்தில் இது எதற்கு?" என்றார் நண்பரொருவர். பேசியது பிழையாக எழுதப்பட்டால் திருத்துவதற்கும் ஒரு பலகை வேண்டுமே!

இரண்டு கிழமை முணுமுணுப்பு நிலவியது. மூன்றாங் கிழமை, பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி, தந்தையின் வள்ளத்தைத் திருத்த உதவி கோரும் விண்ணப்பத்தைத் தானே தட்டி முடித்தாள். அதுகாறும் அவ்வீட்டார் பட்டணத்துக் கடையொன்றிற் பக்கத்துக்கு இவ்வளவென்று பணம் கொடுத்தே தட்டுவித்தனர். அடுத்த வீட்டுக்காரரின் விண்ணப்பமும் இப்போது அவள் கையில்.