மெட்டியும் பூட்ஸும்

உபாத்தியாயர் உத்தியோகத்தில் இருபது வருஷம் கழித்தவனுக்கு ஒரு துர்க்குணம் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. எதைப் பற்றியும் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வான். பாதரட்சை விஷயத்தில் எனக்கு அந்த எண்ணம் சற்று அதிகம். ஜோடு என்றால் காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும், தொளதொளவென்று இருப்பது ஜோடே அல்ல என்று வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை உபதேசித்திருக்கிறேன்.

இரண்டு வருஷங்களுக்கு முன் டிசம்பர் மாதம், அரையாண்டு விடுமுறையோடு சில வாரம் லீவும் சேர்த்துக்கொண்டு, கனடாவில் டொராண்டோ நகரத்தைச் சேர்ந்த ஸ்கார்பரோவில் குடியிருக்கும் என் தங்கை வீட்டுக்கு நானும் என் மனைவியும் பிரயாணமானோம். புறப்படுமுன் சென்னையில் ஒரு கடையில் இருவருக்கும் பூட்ஸ் வாங்கினேன். கண்ணாடி போல் பளபளக்கும் தோல். காலுக்குச் சிக்கென்று இருந்தது. என் மனைவி மட்டும் மெதுவாக, "மெட்டி அழுத்துகிறது" என்றாள். "நாலு நாள் போட்டால் தோல் இளகிவிடும்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஜனவரியில் ஒரு நாள் காலை, பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி. இருவரும் பஸ்ஸுக்காகப் பனியில் நின்றோம். குளிருக்குப் பயந்து, என் யோசனையின் பேரில், ஆளுக்கு இரண்டு பருத்தி மேஜோடு அணிந்து, அதன்மேல் அந்தப் பூட்ஸைத் திணித்துக்கொண்டிருந்தோம். பஸ் வரவில்லை. கால் மணி நேரத்துக்கெல்லாம் என் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். விவாகமான நாள்முதல் அப்படி நடந்ததில்லை. அதிலிருந்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"கால் ரொம்பக் குளிர்கிறதா?" என்று கேட்டேன்.

"முதலில் குளிர்ந்தது. இப்போது கால் இருப்பதே தெரியவில்லை" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பிப் பூட்ஸைக் கழற்றியபோது, மெட்டியைச் சுற்றி விரல்கள் மெழுகு போல் வெளுத்திருந்தன. நான் பதறிப்போய்த் தேய்க்க ஆரம்பித்தேன். "தேய்க்காதீர்கள், அண்ணா! தோல் புண்ணாகிவிடும்" என்று என் தங்கை கையைத் தட்டிவிட்டாள். கால்களை வெதுவெதுப்பான நீரில், சுடுநீரில் அல்ல, வைக்கச் சொன்னாள். "விரல் வீங்கும். அதற்குள் அண்ணியின் மெட்டியைக் கழற்றுங்கள்" என்றாள். அம்மி மிதித்த அன்று என் கையால் அணிவித்த மெட்டி. அதை நானே சோப்புத் தடவிக் கழற்றும்படி ஆயிற்று. உணர்ச்சி திரும்பியபோது அவள் கண்ணீர் விட்டது வலியினால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கொப்புளம் கட்டாமல் பிழைத்தது கடவுள் செயல்.

அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். பூட்ஸ் உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. உஷ்ணம் தருவது ரத்தம். அதை வெளியே போகவிடாமல் காப்பது உள்ளே அசையாமல் நிற்கும் காற்று. இறுக்கிப் பிடித்தால் இரண்டுக்கும் இடமில்லை. போதாக்குறைக்குப் பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். 1911-ல் தென் துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்ஸன் கோஷ்டியார், புறப்படுமுன் தங்கள் பூட்ஸைப் பலமுறை பிரித்துத் தைத்துப் பெரிதாக்கிக்கொண்டார்கள். இந்தச் சரித்திரத்தை வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன்!

மறுவாரம் தங்கை எங்களைக் கடைக்கு அழைத்துப் போனாள். அங்கே தெருவோரத்தில் பனி உருகிச் சேறாகக் கிடக்கும். ஆகவே அடிப்பாகம் ரப்பர், மேற்பாகம் தோல் என்ற வகைதான் உசிதம் என்றாள். இரண்டும் சேருமிடத்தில்தான் சூட்சுமம். அமெரிக்காவில் லியான் பீன் என்பவர் 1912-ல் இப்படிச் செய்து விற்ற முதல் 100 ஜோடிகளில் 90 தையல் விட்டுத் திரும்பி வந்தனவாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி சரியாகச் செய்தார். உள்ளே தனியாக உருவி உலர்த்தக்கூடிய கம்பளி உறை இருக்க வேண்டும் என்பது தங்கையின் இரண்டாவது கட்டளை. 'மைனஸ் 40' என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து நான் மயங்கினேன். "அது விற்கிறவர்கள் கணக்கு, அண்ணா. நடக்கிறவனுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு வேறொன்று" என்று சிரித்தாள். அடிப்பாகத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். குளிரில் கல்லாக இறுகும் ரப்பர் பனிக்கட்டியில் வழுக்குமாம். டொராண்டோ ஆராய்ச்சிசாலை ஒன்றில் 98 வகைப் பூட்ஸைப் பரீட்சித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். வழுக்காமல் தேறியவை 9. எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு தேர்ச்சி விகிதம் வந்தால் நிர்வாகம் என்னை உயிரோடு விடாது.

என் மனைவி தடித்த கம்பளி மேஜோடு ஒன்றே ஒன்று அணிந்து, வழக்கமான அளவுக்கு ஓர் எண் பெரிதான ஜோடியைப் போட்டுக்கொண்டாள். குதிகால் தூக்கவில்லை. நாலடி நடந்தாள். பிறகு கைப்பையிலிருந்து சிறு பொட்டலத்தை எடுத்தாள். மெட்டி! விற்கும் பெண் விழிக்க, அங்கேயே உட்கார்ந்து மேஜோட்டைக் கழற்றினாள்.

"நீங்களே போடுங்கள்" என்றாள்.

போட்டேன். மேஜோடு, பூட்ஸ் எல்லாம் அணிந்து மறுபடி நடந்தாள். "விரலை அசைக்க முடிகிறதா?" என்றேன்.

"முடிகிறது. அழுத்தவில்லை" என்றாள்.

பிறகு விலைச் சீட்டைப் பார்த்தாள். சென்னையில் வாங்கியதைப் போல் மூன்று பங்கு. நான் வாயைத் திறக்காமல் பணத்தைக் கட்டினேன்.

எங்கள் பழைய ஜோடிகளைத் தெருவில் தூவும் உப்பு வெள்ளை வெள்ளையாக அரித்திருந்தது. தண்ணீரில் காடி கலந்து துடைத்து, என்னுடையதை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தேன். அந்த வருஷம் ஐப்பசி மழையில் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். முதல் பீரியட் முடிவதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது.