வெங்காயத்தாள் டம்ளரும் மஸ்தூர் அக்காவும் - ஒரு இழை

போன மழைக்காலத்துல நடந்தது. சொல்லக் கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு. ஆனா உங்க வீட்டு ஜன்னல்லயும் இதே டம்ளர் இருக்கலாம், அதனால சொல்லிடறேன்.

எங்க தாயில்பட்டி பக்கம் பட்டாசு வேலைக்குப் போற பெண்கள் நிறைய. கர்ப்பிணிகளுக்கு ரத்தம் குறைவா இருந்தா மாத்திரையோட "கீரை சேத்துக்கோங்கம்மா"ன்னு சொல்லுவேன். ஒருத்தங்க கேட்டாங்க: "வேலை முடிஞ்சு வீடு வரயில கடையில கீரை ஏது சார்?"

நியாயமான கேள்வி. வீட்ல நான் செஞ்சு பாத்ததையே சொன்னேன். வெங்காயத்தை வேர்ப்பக்கம் ஒரு இஞ்ச் விட்டு நறுக்கி, வேர் மட்டும் நனையற மாதிரி தண்ணில வைங்க. சில நாள்ல தாள் முளைக்கும். புதினா, பொன்னாங்கண்ணித் தண்டையும் அப்படியே போடலாம். கணுவுல வேர் விட்டதும் மண்ணுக்கு மாத்தணும். நாலஞ்சு வீட்ல ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கும் பெருமை.

ஒரு நாள் டெங்கு மஸ்தூர் அக்கா நான் குடியிருக்கிற வீட்டுக்கே டார்ச்சோட வந்தாங்க. தொட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தட்டு எல்லாம் சுத்தம். கடைசியா சமையலறை ஜன்னல். "சார், இங்க வாங்க."

புதினா டம்ளர்ல கொசுப்புழு நெளியுது.

அக்கா திட்டல. தண்ணியை வாசல் மண்ணுல கொட்டிட்டு ஒண்ணுதான் கேட்டாங்க: "நீங்க சொன்னீங்கன்னு இன்னும் எத்தனை வீட்ல வச்சிருக்காங்க சார்?"

ஊருக்கெல்லாம் டெங்கு பத்திப் பேசறவன் நான். ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, தேங்கின நல்ல தண்ணிதான் அதுக்கு வசதி. டம்ளர் அளவு போதும். முட்டை கொசுவாகிப் பறக்க வெயில் காலத்துல ஒரு வாரம், பத்து நாள். புதினா வேர் விடறதும் அதே கணக்குதான்! இதை யோசிக்காம சொல்லிட்டேன்.

அன்னைக்கு சாயங்காலமே அக்காவோட அந்த வீடுகளுக்குப் போனேன். ரெண்டு வீட்ல புழு இருந்தது. இன்னொரு வீட்ல பாத்தது வேற பயம். "டம்ளர் பத்தல சார்"னு பட்டாசு மருந்து வந்த பழைய டப்பாவுல வெங்காயம் வச்சிருந்தாங்க. பச்சை வெளிச்சத்துக்குப் போடற பேரியம் நைட்ரேட் மாதிரி உப்பெல்லாம் தண்ணில கரையும். பேரியம் வயித்துக்குள்ள போனா ரத்தத்துல பொட்டாசியம் இறங்கும், கை கால் தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். அந்த டப்பாவுல என்ன இருந்ததுன்னு யாருக்கும் தெரியாது. கழுவினாலும் வேண்டாம்.

அதனால இப்ப திருத்திச் சொல்றேன்:

• தண்ணியை ரெண்டு நாளுக்கு ஒருதடவை மாத்துங்க. பழசை மண்ணுல ஊத்துங்க, வாளியில வேண்டாம்.

• மாத்தினா மட்டும் போதாது. முட்டை டம்ளர் சுவர்ல ஒட்டியிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். உள்பக்கம் நல்லா தேய்ச்சுக் கழுவுங்க. வேரையும் அலசுங்க. மணி பிளாண்ட் பாட்டிலுக்கும் இதேதான்.

• சாப்பாட்டுப் பாத்திரம் மட்டும். கம்பெனி டப்பா, பூச்சிமருந்து டப்பா கூடவே கூடாது.

• முளைச்சு பச்சையான உருளைக்கிழங்கை சாப்பிடாதீங்க. அதுல சோலனைன்னு ஒரு நச்சு இருக்கு.

• கேரட் தலையை வச்சா தழைதான் வரும், கேரட் வராது. ஏமாறாதீங்க.

முக்கியமா, ரத்தசோகை டம்ளர் வெங்காயத்தாள்ல தீராது. அது குழம்புக்கு வாசனை, மனசுக்கு சந்தோஷம். இரும்புச்சத்து மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில இலவசம், கர்ப்ப காலத்துல தினமும் ஒண்ணு, குறைஞ்சது 180 நாள். கீரைக்கு வாசல்ல இடமிருந்தா ஒரு முருங்கைக் கொப்பை நட்டு வைங்க.

என் ஜன்னல்ல டம்ளர் இன்னும் இருக்கு. மஸ்தூர் அக்கா தெருவுக்குள்ள வந்தா முதல்ல அதைத்தான் பாக்கறாங்க. பாக்கட்டும், அதான் நல்லது.