அக்ரூட் மரமும் ஸ்ரீநகரின் உளிகளும்

ஸ்ரீநகரின் பழைய நகரில், ஜீலம் நதிக்கரையில், ஹஜ்ரத் ஷாஹே ஹமதான் (ரஹ்) அவர்களின் நினைவாக நிற்கிறது கான்காஹே முஅல்லா. பெரும்பகுதி மரத்தாலேயே எழுந்த பேரழகு அது. அதனருகே, ஃபதேஹ் கதல் பாலத்தை அடுத்த சந்துகளில் நடந்தால் உளியின் தட்டல் ஒலி காதில் விழும். அக்ரூட் மரத்தில் பூவேலை செய்யும் 'நக்காஷ்' கலைஞர்களின் பட்டறைகள் அங்கேதான் இருக்கின்றன.

நாம் விரும்பியுண்ணும் அக்ரூட் பருப்பைத் தருவதும் இம்மரமே. உறுதியானது, ஆயினும் உளிக்கு இணங்குவது. இழை நெருக்கமாதலால், சினார் இலையையும் திராட்சைக் கொடியையும் எத்தனை நுணுக்கமாகச் செதுக்கினாலும் விளிம்பு சிதறாது. வேர்ப்பகுதி கருமை மிக்கது, கிளைமரம் வெளிறியது. அறுத்த பலகையை நிழலில் அடுக்கி ஆண்டுக்கணக்கில் உலர்த்துகின்றனர். அவசரப்பட்டால் பலகை கோணும். மாதக்கணக்கில் செய்த வேலை வெடித்து வீணாகும். மெருகிட்டதும் மரத்தின் ரேகைகளே அழகாகின்றன, சாயம் தேவையில்லை. மேசை, தடுப்புத் திரை, நகைப்பெட்டி, திருக்குர்ஆனை வைத்து ஓதும் ரிஹால் எனப் பலவும் உருவாகின்றன. சூஃபியானா இசையின் நூறு தந்திச் சந்தூருக்கும் இம்மரம் உடலாவதுண்டு.

ஆனால், காய்க்கும் மரம் வீழ்ந்தால் ஒரு குடும்பத்தின் வருவாயும் வீழும். ஆகவேதான் 1969ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் அனுமதியின்றி அக்ரூட் மரத்தை வெட்டலாகாது எனத் தடுத்தது. உளி பிடித்தவருக்கும் மரம் வேண்டும். தோட்டக்காரருக்கும் மரம் வேண்டும். இன்று நடும் கன்று நல்ல பலகையாக முதிர்வதோ பேரன் காலத்தில்தான்!

நட்ட மரத்தின் கனியை மனிதரோ பறவையோ உண்டால் அதுவும் தர்மமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அம்மரத்தில் செய்த ரிஹால் நம் இல்லத்திற்கு வந்தால், பேரப்பிள்ளைகளும் அதில் ஓதும் வண்ணம் பேணுவோமாக!